தோட்டத்தில் ஒரு புத்தகப் பரிமாற்றம்: பெண்கள் எழுதிய விஞ்ஞானக் கதைகளும் மாயக்கதைகளும் கைமாற ஒரு வழிகாட்டி

ஹட்டனோ தலவாக்கலையோ பண்டாரவளையோ, இலங்கை மலையகத்தின் எந்தத் தேயிலைத் தோட்டப் பக்கமானாலும், புத்தகப் பரிமாற்றம் தொடங்கப்போகிறோம் என்று சொன்னதும் "எத்தனை புத்தகம் இருக்கு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. முப்பது புத்தகம் தாராளம், இருபதோடும் தொடங்கலாம். உங்கள் பக்கத்துப் பெண்களுக்கு எந்த நாளில், எந்த இடத்தில் ஒரு மணித்தியாலம் மிஞ்சுகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். அதைப் பார்க்காமல் அலுமாரி வாங்கி, பெயர்ப்பலகை எழுதி, ரிப்பன் வெட்டித் திறந்த வாசிகசாலைகள் பூட்டிக்கிடப்பதை மலையகத்தில் பார்க்காதவர் இல்லை.

பெண்கள் எழுதிய விஞ்ஞானக் கதைகளுக்கும் மாயக்கதைகளுக்கும் மட்டுமான பரிமாற்றத்தைப் பற்றித்தான் இங்கே சொல்கிறேன். ஏன் இந்த வகை மட்டும் என்றால், பொது வாசிகசாலையில் இவை பரீட்சை வழிகாட்டிகளுக்கும் சமையல் புத்தகங்களுக்கும் நடுவே காணாமல் போய்விடுகின்றன. தனிப் பெட்டியில் இருந்தால் ஒருத்தி படித்ததை அடுத்தவளும் படிப்பாள், இரண்டு பேருக்கும் பேச விஷயம் இருக்கும். பேச்சு இல்லாத பரிமாற்றம் மூன்று மாதம் தாங்காது.

நாளும் நேரமும்

கொழுந்து எடுக்கிறவர்களுக்கு வாரநாள் சரிவராது. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்கு ஓடி, மாலையில் கடைசிக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வந்தால் அடுப்பும் பிள்ளைகளும் காத்திருக்கும். ரீச்சர்மார் சனிக்கிழமை கேட்பார்கள். கொடுத்தால் அது ரீச்சர்மார் சங்கமாகவே போய்விடும். ஞாயிற்றுக்கிழமைதான் வேண்டும், அதிலும் காலை ஆகாது: துணி துவைப்பு, விறகு, கோயில், தேவாலயம், டவுன் எல்லாம் காலையில்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டரையிலிருந்து நாலரை வரை வையுங்கள். நாலரைக்குப் பெட்டியைப் பூட்டிவிடுங்கள். மேல் டிவிசனுக்கு நடந்து போகிறவர்கள் மூடுபனி இறங்குமுன் வீடு போய்ச் சேர வேண்டும்.

எந்த ஞாயிறு? பத்தாம் திகதிச் சம்பளம் வந்த பிறகு வரும் ஞாயிறு என்று சொல்லத் தோன்றும். அன்றைக்குத்தான் ஊரே டவுனில் நிற்கும், லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், கிழவிகளும் நாய்களும்தான் இருப்பார்கள். மாதத்தின் கடைசி ஞாயிறைப் பிடியுங்கள். கையில் காசில்லாத நாள் அது, டவுனுக்குப் போக ஒன்றுமில்லை. காசு கேட்காத ஒரே விஷயம் உங்கள் புத்தகப்பெட்டிதான்.

மழையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருடக் கடைசியில்தான் பெருமழை. ஆகவே ஓர் ஊரின் அட்டவணையை இன்னோர் ஊர் அப்படியே எடுக்க முடியாது. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் கூட்டம் இல்லை என்பதை முதல் நாளே சொல்லி வைத்துவிடுங்கள். அப்படியான நேரத்தில் புத்தகப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓடக் கூடாது.

தீபாவளிக்கும் சித்திரைக்கும் கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் ஊருக்கு வருவார்கள். அந்தக் கிழமையில் ஒரு மேலதிகக் கூட்டம் போடுங்கள். புதிய புத்தகம் வருவதே பெரும்பாலும் அவர்களுடைய பையில்தான்.

இடம்

கோயில் மண்டபம் விசாலமானது, இலவசமானது. ஆனால் மாதத்தில் சில நாட்கள் அந்தப் படியே ஏறாத பெண்கள் இருக்கிறார்கள், ஏறமாட்டார்கள் என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. கிறிஸ்தவ, முஸ்லிம் பெண்கள் வேறு தயங்குவார்கள். தொழிற்சங்கக் காரியாலயம் என்றால் மற்றச் சங்கத்துக்காரர் வீட்டுப் பெண்கள் வரமாட்டார்கள், தேர்தல் வருடத்தில் யாருமே வரமாட்டார்கள். பாடசாலைக்கு அதிபரின் அனுமதிக்கு மேல் இன்னும் பல அனுமதி வேண்டும்.

என்னைக் கேட்டால் பிள்ளை மடுவம்தான் நல்லது, வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற இடம். கைக்குழந்தைக்காரிக்குப் பழகிய இடம், பாய் இருக்கும், தண்ணீர் இருக்கும். ஆண்கள் எட்டிப்பார்க்க ஒரு காரணமும் இல்லாத இடம். அதற்குத் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள், வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். தோட்டத்தை நடத்துகிற துரை மாறினால் வாய்ச்சொல்லும் மாறிவிடும். கடிதத்தில் "பெண்கள் வாசிப்புக் கூட்டம், மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு மணித்தியாலம்" என்று மட்டும் எழுதினால் போதும். விஞ்ஞானம், மாயம் என்று விளக்கப் போனால் கேள்வி கூடும்.

மடுவம் கிடைக்காவிட்டால் யாருடைய வீட்டு இஸ்தோப்பாவது, முன் திண்ணையாவது போதும். தொங்கல் காம்பரா, அதாவது லயத்தின் கடைசி வீடாக இருந்தால் நல்லது, ஒரு பக்கம் திறந்திருக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்கு இடைஞ்சல் குறைவு. ஒரே வீட்டில் தொடர்ந்து நடத்தாமல் மாறிமாறி நடத்தினால் "அவ வீட்டுச் சமாசாரம்" என்ற பேச்சு வராது.

யார் நடத்துவது

இரண்டு பேர் போதும். ஒருத்தி புத்தகம் படிக்கிறவளாக இருக்க வேண்டும். மற்றவள் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, சீட்டுப் பிடித்து நடத்திப் பழகியவளாக இருக்கட்டும். ஒவ்வொரு லயத்திலும் அப்படி ஓர் அக்கா இருப்பார். யார் வாக்குத் தவறமாட்டார், யாரிடம் கொஞ்சம் இழுத்துப் பேச வேண்டும், யாருக்கு இந்த மாதம் வீட்டில் கஷ்டம் என்றெல்லாம் அவருக்கு மனப்பாடம். புத்தகம் திரும்பி வருவது அந்த அறிவால்தான், தண்டப்பணத்தால் இல்லை.

பட்டம் படித்தவர்தான் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள். கொட்டகலை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளைப் போன்றவர்கள் வாசகர்களாகவும் கதைசொல்லிகளாகவும் வந்தால் பெரிய உதவி. ஆனால் அவர்கள் படிப்பு முடிந்து நியமனம் வாங்கிப் போய்விடுவார்கள். சாவி உள்ளூரிலேயே இருக்கட்டும்.

எது சேரும், எது சேராது

விதி ஒன்றுதான்: எழுதியவர் பெண், கதை விஞ்ஞானமாகவோ மாயமாகவோ இருக்க வேண்டும். இதிலும் பெயர் ஏமாற்றும். முதல் மாதமே யாராவது சுஜாதா புத்தகத்தோடு வந்து, "பொம்பளை எழுதினதுதானே ரீச்சர்?" என்று நிற்பார்கள். ரங்கராஜன் தன் மனைவியின் பெயரில் எழுதினார் என்று சொன்னால் நம்பவும் மாட்டார்கள். ஆங்கிலத்தில் கதை நேர்மாறு. ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்று எழுதியவர் அலிஸ் ஷெல்டன் என்ற பெண், 1970களின் பிற்பகுதியில்தான் அது வெளியே வந்தது. அண்ட்ரே நோர்ட்டனும் பெண்தான். உர்சுலா லெ குவினின் ஒரு கதையை ஓர் ஆண்கள் சஞ்சிகை முன்பெயரை மறைத்து வெறும் முதலெழுத்துகளோடு போட்டது. ஆகவே அட்டையில் உள்ள பெயரை மட்டும் பார்த்து ஒதுக்க வேண்டாம், உள்ளே எழுதியவர் பற்றிய குறிப்பையும் பாருங்கள்.

கொண்டுவருவதில் பாதி இந்த விதிக்குள் அடங்காது. ரமணிசந்திரன் நாவல்கள் கட்டுக்கட்டாக வரும், பேய்க்கதை வரும், மேலே சொன்ன சுஜாதாவும் வருவார். அவற்றைத் திருப்பி அனுப்பினால் கொண்டுவந்தவளும் திரும்பிப் போய்விடுவாள். அதற்கு விருந்தாளிப் பெட்டி என்று தனியாக ஒன்று வையுங்கள். அதில் போட்டவர் அதிலிருந்தே ஒன்று எடுக்கலாம். பேய்க்கதைக்காக வந்து மாயக்கதைக்குத் தாவுகிறவர்கள் நிறையப் பேர். ஒரு அடிதான் தூரம்.

புத்தகம் சேர்ப்பது

நன்கொடை என்று அறிவிக்காதீர்கள். அறிவித்தால் வீட்டை ஒதுக்குகிற எல்லோரும் பழைய பாடநூல், ஜோதிடப் பஞ்சாங்கம், கம்பனி டயரி என்று உங்கள் தலையில் இறக்கிவிடுவார்கள், அதைக் கழிக்கவே ஒரு ஞாயிறு போகும். இன்னின்ன எழுத்தாளர் என்று பெயர் எழுதிய துண்டைக் கொடுத்துக் கேளுங்கள்.

எல்ல, நுவரெலியா, பண்டாரவளை விடுதிகளில் வெளிநாட்டுப் பயணிகள் படித்துவிட்டு விட்டுப்போகும் நாவல்கள் மூலையில் குவிந்து கிடக்கும். அங்கே வேலை செய்கிற ஒரு தங்கச்சியைத் தெரிந்தால் போதும். முதலாளியிடம் கேட்டு எடுக்கட்டும். ஜெர்மன், பிரெஞ்சு, டச்சு மொழிப் புத்தகங்களும் சேர்ந்து வரும், அதை வாசலிலேயே பிரித்துவிடுங்கள். கொழும்புக்குப் போகிறவர்கள் மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் தேடலாம். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் கழிவு விலையில் கிடைக்கும். தமிழ்ப் புத்தகத்துக்கு அங்கே போகும்போதே பூபாலசிங்கம் புத்தகசாலையிலும் ஒரு தரம் கேட்டு வரச் சொல்லுங்கள். கொழும்பிலிருந்து பொதியை அனுப்ப பஸ் கொண்டக்டரிடம் கொடுக்கிற பழைய வழியே இன்னும் சுலபம்.

தொடக்கப் பெட்டியில் எவை இருந்தால் நல்லது? என் தெரிவைச் சொல்கிறேன். வேறு விதமாகத் தெரிவு செய்ய உங்களுக்கு முழு உரிமை உண்டு.

முதலாவது, ரொக்கையா சக்காவத் ஹுசைன் எழுதிய "சுல்தானாவின் கனவு". வங்காளத்து முஸ்லிம் பெண் ஆங்கிலத்தில் எழுதிய சிறுகதை. 1905இல் சென்னையில் வெளிவந்த ஒரு பெண்கள் சஞ்சிகையில்தான் முதலில் அச்சானது. பெண்கள் ஆளும் நாடு, ஆண்கள் வீட்டுக்குள். சமையல் சூரிய வெப்பத்தில் நடக்கிறது, குழாய் பொருத்திய பலூன் மேகத்திலிருந்து தண்ணீர் எடுக்கிறது. தண்ணீர்க் குழாயடியில் வரிசை நிற்கிற நமக்கு இந்த இடம் உடனே பிடிபடும். ரொக்கையா 1932இல் காலமானார். இலங்கைச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 70 வருடம் போனால் பதிப்புரிமை முடிந்துவிடும். ஆகவே இதைப் போட்டோப்பிரதி எடுக்கலாம், தமிழாக்கலாம், பகிரலாம். உயிரோடு இருக்கிறவர்களின் புத்தகத்தை முழுதாகப் பிரதி எடுக்கக் கூடாது. சொந்தப் புத்தகத்தைக் கைமாற்றுவதில் ஒரு பிரச்சினையும் இல்லை.

மேரி ஷெல்லியின் "பிராங்கன்ஸ்டைன்" மழைக்காலத்துக்கு உகந்தது. இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை 1815இல் வெடித்ததால் அடுத்த வருடம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு வீட்டுக்குள் மழையில் அடைபட்டுக் கிடந்த பதினெட்டு வயதுப் பிள்ளை பொழுதுபோக்குக்குத் தொடங்கிய கதை. 1818இல் புத்தகமாக வந்தபோது அதில் அவர் பெயரே இல்லை.

லெ குவினின் "எர்த்சீ" வரிசை (1968இல் தொடங்கியது) பள்ளிப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். அதன் நாயகன் செம்பழுப்பு நிறத்தவன். பல பதிப்பு அட்டைகள் அவனை வெள்ளையனாக வரைந்ததை எழுத்தாளரே கண்டித்திருக்கிறார். மந்திரப் பள்ளியில் ஆண்பிள்ளைகள் மட்டுமே படிக்கிற முதல் புத்தகத்தை எழுதியவர், 1990இல் அதே உலகத்துக்குத் திரும்பி வந்து ஒரு நடுத்தர வயதுப் பெண்ணை நடுவில் வைத்து எழுதினார். இந்த இரண்டையும் தாயும் மகளும் மாற்றிமாற்றிப் படித்தால் வீட்டில் நல்ல சண்டை வரும்.

ஒக்டேவியா பட்லரின் "கின்ட்ரெட்" (1979) பற்றி ஒரு எச்சரிக்கையோடு சொல்கிறேன். 1976இல் கலிபோர்னியாவில் வாழும் கறுப்பினப் பெண், காலம் பின்னோக்கி இழுத்து, அடிமை முறை நடந்த மேரிலண்ட் தோட்டத்துக்குள் போய் விழுகிறாள். அடிமை முறை வேறு, நம் ஆட்கள் 1820களிலிருந்து கோப்பித் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட முறை வேறு, இரண்டையும் ஒன்றாக்கிப் பேசக் கூடாது. ஆனால் நம் ஆட்கள் வந்து இருநூறு வருடம் ஆனதை மலையகம் 200 என்று 2023இல் நடந்து, பேசி, அழுத சனத்துக்கு அந்தப் புத்தகம் வேறு விதமாகத்தான் படும். சவுக்கடியும் பாலியல் வன்முறையும் வருகிறது, ஆகவே பள்ளிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள், உள்பக்கத்தில் அதை எழுதி ஒட்டிவிடுங்கள்.

என். கே. ஜெமிசினின் மூன்று நாவல் வரிசை, நிலம் அடங்காமல் அதிர்ந்துகொண்டே இருக்கும் உலகத்தைப் பற்றியது. 2016, 2017, 2018 என்று மூன்று வருடமும் அடுத்தடுத்து, விஞ்ஞானக் கதைக்கும் மாயக்கதைக்கும் கொடுக்கிற ஹியூகோ விருது வாங்கியது. சிறுகதை விரும்புகிறவர்களுக்கு இந்தியாவில் பிறந்த இயற்பியலாளர் வந்தனா சிங். கொழும்பில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த மேரி ஆன் மோகன்ராஜ், 2000இல் "ஸ்ட்ரேஞ் ஹொரைசன்ஸ்" என்ற இணைய இதழைத் தொடங்கியவர். அங்கே உலகம் முழுவதிலிருந்தும் வரும் கதைகளைக் காசில்லாமல் படிக்கலாம். அவர் எழுதிய சில புத்தகங்கள் பெரியவர்களுக்கு மட்டும், பார்த்துக் கொடுங்கள்.

வரிசைப் புத்தகம் வந்தால் எல்லாவற்றையும் ஒரு நூலால் கட்டி ஒரே புத்தகமாகக் கணக்கிடுங்கள். பிரித்துவிட்டால் முதல் பாகம் மஸ்கெலியாவிலும் மூன்றாம் பாகம் பெட்டியிலும் கிடக்கும்.

துண்டு முறை

ஒன்று கொடுத்து ஒன்று எடுப்பது என்றால் வீட்டில் புத்தகமே இல்லாதவள் எப்படி வருவாள்? அதற்காகத் துண்டு. பழைய கலண்டர் அட்டையை நெருப்புப்பெட்டி அளவில் வெட்டி, பின்பக்கம் இரண்டு பொறுப்பாளரும் கையெழுத்துப் போடுங்கள். முதல் தடவை வருகிற எல்லோருக்கும் ஒரு துண்டு இனாம். ஒரு துண்டுக்கு ஒரு புத்தகம், அடுத்த மாதம் திருப்பிக் கொண்டுவந்தால் துண்டு திரும்பக் கிடைக்கும். சொந்தப் புத்தகம் ஒன்றைப் பெட்டிக்கே விட்டால் மேலதிகத் துண்டு. இரண்டு புத்தகத்துக்கு உறை போட்டுக் கொடுத்தாலும், அம்மாயி சொன்ன கதை ஒன்றைக் கொப்பியில் எழுதிக் கொண்டுவந்தாலும், எழுத வாசிக்கத் தெரியாத ஒருத்திக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்டினாலும் மேலதிகத் துண்டு. கடைசி வழியில்தான் அதிகம் பேர் சம்பாதிப்பார்கள்.

பதிவுக்கு ஒரு சி.ஆர். கொப்பி, தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பி. புத்தக இலக்கம், பெயர், எழுதியவர், எடுத்தவர், திகதி, இவ்வளவுதான் பத்தி. அடையாள அட்டை இலக்கம் கேட்காதீர்கள். யார் எதைப் படித்தார் என்பதை யாருக்கும் காட்டாதீர்கள், கணவனோ மாமியாரோ வந்து கேட்டாலும்கூட. எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே பிரவுன் பேப்பர் உறை போட்டுவிட்டால் பஸ்ஸில் படிக்கிறவளிடம் "என்னா படிக்கிற?" என்ற விசாரணையும் குறையும். வட்ஸ்அப் குழு வைப்பதானால் அறிவிப்பு மட்டும் போடக்கூடியதாக, பெண்கள் மட்டும் இருக்கிறதாக வையுங்கள்.

கதையை முதலில் சொல்லுங்கள்

இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். இந்த வகையில் நல்லவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன, தமிழில் கிடைப்பது குறைவு. ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் "எனக்கு ஓடாது" என்று திருப்பி வைப்பார்கள். ஆகவே ஒவ்வொரு கூட்டமும் அரைமணித்தியாலக் கதையோடு தொடங்கட்டும். படித்தவள் ஒருத்தி தன் பேச்சில், மலையகத் தமிழில், கதையின் முதல் பாதியைச் சொல்லி நல்ல இடத்தில் நிறுத்த வேண்டும்.

சுல்தானாவின் கனவை இப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்று பாருங்கள். அந்த நாட்டில் பெண்கள் காரியாலய வேலையை இரண்டே மணித்தியாலத்தில் முடித்துவிடுகிறார்கள், முன்பு ஆண்கள் அதையே நாள் முழுக்க இழுத்தது சுருட்டுப் பிடித்ததால்தான், ஒரு சுருட்டுக்கு அரைமணித்தியாலம் என்று ஒரு பாத்திரம் கணக்குக் காட்டுகிறது. பன்னிரண்டு சுருட்டுக்கு ஆறு மணித்தியாலம்! இந்த இடத்தில் மடுவமே சிரிக்கும். பின்வரிசையில் இருந்து ஒரு பெரியம்மா, "சுருட்டு மட்டுமா, மத்ததையும் சேத்துக் கணக்குப் போடு" என்பார். இன்னொருத்தி, "அப்ப ஆம்பளைங்க எல்லாம் காம்பராவுக்குள்ளயா? கொழுந்து யாரு எடுக்கிறது?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். அதைப் பற்றி அவர்களே கால்மணித்தியாலம் பேசுவார்கள், பிறகு நாலு பேர் பிரதி கேட்பார்கள்.

பெண் ஆளும் நாடு நமக்குப் புதிதும் இல்லை. பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலையை லயத்தில் ராகம் போட்டு வாசிக்கக் கேட்ட வயசாளிகள் இருந்தால் அழைத்து வாருங்கள். ஆணென்றாலே ஆகாத மதுரை அரசியையும் ரொக்கையாவின் நாட்டையும் ஒரே மாலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், விஞ்ஞானக் கதை என்ற சொல்லுக்கே பயந்தவர்கள் வாய்திறப்பார்கள். காமன் கூத்தில் எரிந்த காமன் திரும்பி வருகிற கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு மாயக்கதை பற்றி வகுப்பு எடுக்க வேண்டாம்.

ஒவ்வொரு ஆங்கிலப் புத்தகத்துக்குள்ளும் தமிழில் ஒரு தாள் வையுங்கள்: கதை எங்கே நடக்கிறது, முக்கியமான ஆட்கள் யார், கஷ்டமான சொல் சில, பெரியவர்களுக்கு மட்டுமா இல்லையா. முடிவைச் சொல்லக் கூடாது. உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் இந்தத் தாளை எழுதினால் அவர்களுடைய ஆங்கிலத்துக்கும் நல்லது. கொஞ்சம் துணிச்சல் வந்த பிறகு சுல்தானாவின் கனவை ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துத் தமிழாக்குங்கள். நடை பக்கத்துக்குப் பக்கம் மாறும், மாறட்டும். தோட்டத் தொழிலாளருக்காகப் போராடிய மீனாட்சியம்மாள் நடேசையர் தன் பாட்டுகளைச் சின்னப் புத்தகமாக அச்சிட்டுத் தோட்டம் தோட்டமாகப் பாடிப் பரப்பிய மண் இது. நாலாய் மடித்துத் தைத்த போட்டோப்பிரதி போதும்.

ஈரம்

மலையகத்தில் புத்தகத்துக்குத் திருடனைவிடப் பெரிய எதிரி பூஞ்சணம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நின்றுகொண்டே இருந்தால் அது கிளம்பிவிடும், மழைக்காலத்தில் நமக்கு அதற்குக் கீழே இறங்குகிற நாளே குறைவு. அலுமாரியைவிட மூடியுள்ள பெட்டி நல்லது. பழைய தேயிலைப் பெட்டி யார் வீட்டிலாவது இருந்தால் கேட்டு வாங்குங்கள், உள்ளே ஒட்டிய ஈயத்தாள் தேயிலைக்கு ஈரம் ஏறாமல் இருக்கத்தான் போட்டது. இல்லாவிட்டால் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி. தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அடுப்புக்கு மேலே பரணில் காய்ந்திருக்கும் என்று நினைத்து வைத்தால் கரியும் எலியும் மிச்சம் வைக்காது.

சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் சேர்த்துப் பெட்டியில் போடுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சி உருண்டை வேண்டாம், மடுவத்தில் குழந்தைகள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு வெயில் நாளில் பெட்டியைத் திறந்து, புத்தகங்களை நிழலில் நிமிர்த்தி, பக்கங்களை விசிறிவிட்டு வையுங்கள். அப்போதே இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று முதுகுப் பக்கத்தைத் தட்டிப் பாருங்கள்.

மழையில் நனைந்து வந்த புத்தகத்துக்கு என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பதால் வரிசையாகச் சொல்கிறேன்:

1. மூடிய நிலையிலேயே துணியால் வெளித் தண்ணீரை ஒற்றி எடுங்கள். பிழியாதீர்கள், பக்கங்களைப் பலவந்தமாகப் பிரிக்காதீர்கள்.
2. இருபது முப்பது பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளைக் கடதாசி செருகி, ஈரமாகும்போது மாற்றுங்கள்.
3. பாதி காய்ந்ததும் கூடாரம்போலக் கவிழ்த்துக் காற்றோட்டத்தில் நிறுத்துங்கள். நேர் வெயிலும் அடுப்பு வெக்கையும் தாளை வளைத்துவிடும்.
4. முழுதாகக் காய்ந்த பின் ஒரு பலகைக்குக் கீழே வைத்து அழுத்துங்கள்.

ஈரமான புத்தகத்தைப் பொலித்தீனில் சுற்றி வைத்தால் இரண்டு மூன்று நாளில் பச்சை பிடிக்கும். ஏற்கெனவே பூஞ்சணம் பிடித்ததைத் தனியாக எடுத்து, நன்றாகக் காயவிட்டு, வெளியே கொண்டுபோய், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் தாளுக்குள் இறங்கிவிடும். இழுப்பு உள்ளவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம். கிழிந்த பக்கத்துக்கு செலோடேப் போடாதீர்கள், மஞ்சளாகி உரிந்து எழுத்தையும் கொண்டுபோகும். மெல்லிய கடதாசியும் மாவுப் பசையும் போதும்.

வரக்கூடிய தொல்லைகள்

புத்தகம் திரும்பி வராவிட்டால் தண்டம் போடாதீர்கள். தண்டம் போட்டால் ஆளும் வராது, புத்தகமும் வராது. சீட்டுக்கார அக்கா ஒரு மாலை அந்த வீட்டுப் பக்கம் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வரட்டும். புத்தகம் கிழிந்திருக்கும், பிள்ளை கிறுக்கியிருக்கும், வெட்கத்தில்தான் வராமல் இருந்திருப்பாள். கிறுக்கல் புத்தகத்தையும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

"பேய், மந்திரம் என்று பிள்ளைகளைக் கெடுக்கிறீர்கள்" என்று ஒரு குரல் எப்படியும் எழும். வாதாட வேண்டாம். குறை சொல்கிறவரின் வீட்டுப் பெண் ஒருத்தியை அடுத்த மாதக் கதைசொல்லியாகப் போடுங்கள்.

தம்பிமாரும் வந்து புத்தகம் கேட்பார்கள். விருந்தாளிப் பெட்டி எல்லோருக்கும் திறந்தது, மற்றதை அக்காவின் துண்டில் எடுக்கட்டும். கூட்டம் மட்டும் பெண்களுக்கு.

வெளியூர் நிறுவனங்கள் உதவி செய்கிறோம் என்று பதாகையோடு வந்தால் புத்தகத்தை வாங்குங்கள், பதாகையைத் திருப்பிக் கொடுங்கள். பெட்டியில் யாருடைய பெயரும் ஏறக் கூடாது. ஏறினால் அடுத்தவர் ஒதுங்கிவிடுவார்.

வருடக் கணக்கு

சித்திரைக்கு முந்திய கூட்டத்தில் எல்லாப் புத்தகத்தையும் திரும்பக் கேட்டு எண்ணுங்கள். ஒரு வருடம் யாரும் தொடாததை விருந்தாளிப் பெட்டிக்கு மாற்றுங்கள், அங்கேயும் தொடாவிட்டால் டவுன் வாசிகசாலைக்குக் கொடுத்துவிடுங்கள். பூஞ்சணம் ஏறித் தேறாதது எது என்று பார்த்துக் கழியுங்கள். பொறுப்பாளர் இருவரில் ஒருத்தியாவது மாற வேண்டும், பழையவர் ஆறு மாதம் பக்கத்தில் இருந்து பழக்கிக் கொடுக்கட்டும். சாவி இரண்டு செய்து வேறுவேறு லயத்தில் வையுங்கள். சி.ஆர். கொப்பியின் முதல் பக்கத்தில் நிர்வாகத்தின் அனுமதிக் கடிதத்தின் பிரதியை ஒட்டிவிடுங்கள், புதுத் துரை வந்து கேட்கும்போது தேட வேண்டியிருக்காது.